.280-ஆ, .280 ஆக்லி இம்ப்ரூவ்டா? 1000 கெஜத்துக்குப் புதுப் பேரல் போடப் போகிறேன்

வளைந்தகோடு:
எல்லோருக்கும் வணக்கம். என் .280 ரெமிங்டன் ரைஃபிளின் பேரல் (குழல்) ஆயுள் முடிந்துவிட்டது. போர்ஸ்கோப்பை (பேரலுக்குள் பார்க்கும் கருவி) விட்டுப் பார்த்தால் துரோட் (தோட்டா உட்காரும் இடத்துக்குச் சற்று முன்னால் உள்ள பகுதி) முழுக்க வெயிலில் காய்ந்த ஏரி மாதிரி வெடித்துக் கிடக்கிறது, 600 கெஜம் வரை எப்படியோ சமாளிக்கிறது, அதற்கு மேல் போனால் குண்டு எங்கே போய் விழும் என்று அதற்கே தெரியவில்லை. புதுப் பேரல் போட முடிவு செய்துவிட்டேன். கன்ஸ்மித் (துப்பாக்கி செப்பனிடுபவர்) ஒரே கேள்வி கேட்டு என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டார்: "அதே சேம்பரா, இல்லை ஆக்லி ரீமர் ஓட்டட்டுமா?" (சேம்பர் என்பது தோட்டா உட்காரும் அறை, ரீமர் அதைக் குடையும் கருவி, ஆக்லி இம்ப்ரூவ்ட் என்பது அந்த அறையைக் கொஞ்சம் பெரிதாக்கிய வடிவம்.)

என் பயன்பாடு காகித இலக்கு மட்டும்தான். படுத்துச் சுடுவேன், 600 முதல் 1000 கெஜம். பழைய பேரல் 26 அங்குலம், 162 கிரெயின் எடைக் குண்டு நொடிக்கு 2850 அடி போனது. கையில் .280 கேஸ் (தோட்டாவின் பித்தளைக் கூடு) 200 இருக்கிறது, ரீலோடிங் (சுட்ட கேஸில் திரும்பப் பவுடரும் குண்டும் போடுவது) நானே செய்கிறேன். இம்ப்ரூவ்ட் போட்டால் உண்மையிலேயே ஏதாவது கிடைக்குமா, இல்லை பெயருக்குத்தானா?

நொடிக்கு3000:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆக்லி போடுங்கள். நான் மாறினேன், சுளையாக 150 அடி கூடியது. 7 மி.மீ. மேக்னம் செய்கிற வேலையைக் குறைந்த பவுடரில் செய்கிறது. கேஸின் தோள் (உடம்பு கழுத்தாகக் குறுகும் இடம்) 40 டிகிரி, பார்க்கவே அழகு. திரும்பிப் பார்க்கவே இல்லை.

பித்தளைப்பித்தன்:
நொடிக்கு3000, பழைய பேரல் எத்தனை அங்குலம், புதுசு எத்தனை அங்குலம் என்று மட்டும் சொல்லுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

நொடிக்கு3000:
பழையது 24. புதுசு 28. அதனால் என்ன?

பித்தளைப்பித்தன்:
அதனால் எல்லாமே. அங்குலத்துக்குச் சுமார் 25 அடி என்று வைத்தாலே நாலு அங்குலத்துக்கு 100 அடி வந்துவிட்டது. மிச்சம் 50 அடிதான் ஆக்லி கணக்கில் வரும், அதிலும் கொஞ்சம் அழுத்தத்துக்குப் போகும்.

வளைந்தகோடு, உங்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். இம்ப்ரூவ்ட் என்றால் பெரிய மந்திரம் இல்லை. தாய்க் கேஸின் உடம்பு அடியிலிருந்து தோள் வரை சரிந்து குறுகிக்கொண்டே போகும், அந்தச் சரிவை எடுத்துவிட்டு ஏறக்குறைய நேராக்குவது, தோளைச் செங்குத்தாக்குவது, இரண்டும்தான் வேலை. .280-இன் தோள் 17.5 டிகிரி, .30-06-க்கும் அதேதான். பார்க்கர் ஆக்லி என்ற அமெரிக்க கன்ஸ்மித் அதை 40 டிகிரி ஆக்கினார். அவருக்கு முன்னாலும் பின்னாலும் பலர் செய்திருக்கிறார்கள், ஆனால் கழுத்தும் தோளும் சேரும் இடத்தை வைத்தே ஹெட்ஸ்பேஸ் (கேஸ் முன்பின் நகராமல் சேம்பரில் நிற்கும் அளவு) நிற்கிற மாதிரி அமைத்ததால் சாதாரணத் தோட்டாவையே இம்ப்ரூவ்ட் சேம்பரில் சுட்டு கேஸை விரித்துக்கொள்ளலாம் என்ற வசதி இருந்தது, அவர் பெயர் நிலைத்ததற்கு அதுதான் காரணம் என்பது என் கட்சி.

இப்போது கணக்கு. .280-ஐ ஆக்லி ஆக்கினால் கேஸின் கொள்ளளவு சுமாராக 5, 6 சதவீதம் கூடும். ஒரே அழுத்தத்தில், கூடிய கொள்ளளவில் நாலில் ஒரு பங்குதான் வேகமாக மாறும். அது அனுபவக் கணக்குதான், ஆனால் நன்றாகவே ஒத்துப்போகிறது. ஆக ஒன்றேகால், ஒன்றரை சதவீதம். உங்கள் 2850-க்கு 35 முதல் 43 அடி. அவ்வளவுதான் சமாச்சாரம்.

"புத்தகத்தில் அதற்கு மேல் போட்டிருக்கிறதே" என்று யாராவது வருவார்கள், அதற்கும் சொல்லிவிடுகிறேன். .280 வந்தது 1957-ல், ரெமிங்டன் 740 என்ற செமி ஆட்டோ துப்பாக்கியையும் மனதில் வைத்து அழுத்தத்தைக் கொஞ்சம் அடக்கியே வைத்தார்கள். தர அளவில் .280-க்கு உச்சம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு, .280 ஆக்லிக்கு 65,000. அட்டவணையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது நீங்கள் பார்ப்பது கேஸின் வித்தியாசத்தை மட்டும் இல்லை, அந்த 5,000 பவுண்டின் வித்தியாசத்தையும் சேர்த்துத்தான்.

நொடிக்கு3000:
சரி, 150 இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 40 அடி என்றாலும் 40 அடிதானே? சும்மா வருவதை ஏன் விட வேண்டும்?

காற்றுப்பைத்தியம்:
சும்மா வருகிறதா என்பது ஒருபுறம் இருக்கட்டும், அந்த 40 அடி இலக்கில் என்னவாகத் தெரியும் என்று யாரும் கேட்கவில்லையே.

162 கிரெயின் 7 மி.மீ. குண்டு, 2850 அடி, மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று. 1000 கெஜத்தில் ஏறக்குறைய 55 அங்குலம் தள்ளும். அதாவது காற்றை ஒரு மைல் தப்பாகப் படித்தால் ஐந்தரை அங்குலம் போச்சு. வேகத்தை 40 அடி கூட்டினால் அந்த 55-ல் ஒன்றரை அங்குலம்கூட முழுசாகக் குறையாது. கால் மைல் காற்று! கால் மைல் காற்றைக் கொடியைப் பார்த்தும் கானலைப் பார்த்தும் பிரித்துச் சொல்கிற ஆள் இந்த இழையில் யாராவது இருந்தால் கை தூக்குங்கள், நான் வந்து சிஷ்யனாகச் சேர்கிறேன்.

எஃப் கிளாஸ் (தாங்கியில் வைத்துப் படுத்துச் சுடும் தொலைதூரப் போட்டி) இலக்கில் 1000 கெஜத்துக்குப் பத்து வளையம் 10 அங்குலம், எக்ஸ் 5 அங்குலம். அதில் வேகத்தின் சராசரியைவிட வேகம் சூட்டுக்குச் சூடு எவ்வளவு ஆடுகிறது என்பதுதான் ஆளைக் கொல்லும். 10 அடி ஆடினால் 1000 கெஜத்தில் மேல்கீழாக இரண்டரை அங்குலம். உங்கள் லோட் 30 அடி ஆடுகிறது என்றால் காற்றே இல்லாத நாளிலும் ஏழெட்டு அங்குலம் அதிலேயே தின்றுவிடும். 2890-ல் 30 அடி ஆடுகிற ஆக்லியைவிட 2830-ல் 12 அடி ஆடுகிற சாதா .280 எனக்குப் போதும்.

முந்நூற்றெட்டு:
நான் எஃப் கிளாஸில் எஃப்-டிஆர் பிரிவில் சுடுகிறவன். எங்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது. .308 அல்லது .223, மாற்றாத சேம்பர், முடிந்தது. .308 ஆக்லி என்று கொண்டுபோனால் இந்தக் கட்டுப்பாடு இல்லாத ஓப்பன் பிரிவில் போய் உட்காரச் சொல்வார்கள். அங்கே ஏழு மி.மீ. ராட்சசர்களுக்கு நடுவில் என்ன செய்வது? வளைந்தகோடு, முதலில் எந்தப் பிரிவில் சுடப்போகிறீர்கள் என்று பாருங்கள், விதிப்புத்தகம் பாதிக் கேள்வியை முடித்துவிடும். (.308-ஐ இம்ப்ரூவ் செய்து கிடைப்பதும் சொற்பம்தான், அது 1952-லேயே ஓரளவு நேரான உடம்போடு பிறந்துவிட்டது.)

வளைந்தகோடு:
ஓப்பன்தான். அதனால் விதி பிரச்சினை இல்லை. பித்தளைப்பித்தன் அண்ணே, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஆக்லி வேண்டாம் என்கிறீர்களா?

பித்தளைப்பித்தன்:
இல்லையே. வேகத்துக்காக வேண்டாம் என்கிறேன். என் பெயரைப் பாருங்கள், நான் ஆக்லி வைத்திருப்பதே கேஸுக்காக.

சரிந்த உடம்பு, சரிந்த தோள் என்றால் ஒவ்வொரு சூட்டுக்கும் பித்தளை கழுத்துப் பக்கமாக ஓடும். கழுத்து நீளும், நீங்கள் வெட்டுவீர்கள், மறுபடி நீளும். அந்த நீளும் பித்தளை எங்கிருந்து வருகிறது? கேஸின் அடிச்சுவர் மெலிந்துதான். நேரான உடம்பும் செங்குத்தான தோளும் அந்த ஓட்டத்தைத் தடுத்து நிறுத்துகின்றன. சாதா .280-ல் இரண்டு மூன்று சூட்டுக்கு ஒருமுறை டிரிம் செய்துகொண்டிருந்தவன் நான், ஆக்லியில் டிரிம்மர் எங்கே வைத்தேன் என்று தேட வேண்டியிருக்கிறது. கேஸ் ஒரே மாதிரி இருந்தால் காற்றுப்பைத்தியம் சொன்ன ஆட்டமும் குறையும், அதாவது குறைய வாய்ப்பு இருக்கிறது. சேம்பர் சரியாக வெட்டியிருந்தால்.

அப்புறம் தாய்க் கேஸைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் இம்ப்ரூவ் செய்வதில் அர்த்தம் இல்லை. நன்றாகச் சரிந்த பழைய கேஸ்களில்தான் லாபம். .250 சாவேஜ், .257 ராபர்ட்ஸ் இரண்டும் நல்ல உதாரணம். ராபர்ட்ஸ் 1892-இன் 7x57 மவுசர் கேஸிலிருந்து வந்தது, தொழிற்சாலைத் தோட்டாவும் மென்மையாகவே போட்டிருந்தார்கள், அதனால் ஆக்லி ஆக்கினால் கணிசமாக எகிறும். .300 எச் அண்ட் எச் இன்னும் சரிவு. அதைச் சாதாவாகவே வைத்துக்கொண்டு 1935-ல் பென் கம்ஃபர்ட் 1000 கெஜ விம்பிள்டன் கோப்பையை ஜெயித்தார் என்பது வேறு கதை. அதே கேஸை விரித்து நேராக்கித்தான் வெதர்பி தன் .300 மேக்னத்தைச் செய்தார். 6.5 கிரீட்மூர் மாதிரி 2007-ல் வந்தவை 30 டிகிரி தோளோடும் சரிவு குறைந்த உடம்போடும்தான் வருகின்றன. அவற்றை இம்ப்ரூவ் செய்வது மொட்டைத் தலைக்குச் சீப்பு வாங்குகிற மாதிரி.

டேஷர்தாசன்:
இங்கே கொஞ்சம் மறுக்கிறேன். 6 பிபிசி என்ன? .220 ரஷ்யன் கேஸை விரித்ததுதான். 1975-லிருந்து 100, 200 கெஜ பெஞ்ச்ரெஸ்டை (மேசையில் தாங்கி வைத்துச் சுடும் துல்லியப் போட்டி) அது பிடித்து வைத்திருப்பது வேகத்தால் இல்லை, சரி, அதில் நாம் ஒன்றுபடுகிறோம். ஆனால் 6 பிஆர் மாதிரி ஏற்கெனவே ஒழுங்கான, 30 டிகிரி தோள் உள்ள கேஸையும் இம்ப்ரூவ் செய்து டேஷர் ஆக்கினார்களே, அது வீண் இல்லை. பிஆரில் நல்ல லோட் கிடைக்கும் வேகம் ஒன்று இருக்கும், டேஷரில் அந்த நல்ல லோட் இன்னொரு படி மேலே உட்காரும். அந்தப் படிக்காகத்தான் ஆள்கள் போனார்கள்.

அதற்குக் கொடுத்த விலையையும் சொல்கிறேன். டேஷரில் தோளை முன்னால் தள்ளிவிட்டார்கள், அதனால் ஆக்லி மாதிரி சாதாத் தோட்டாவைப் போட்டுச் சுட முடியாது, ஹெட்ஸ்பேஸ் நிற்க இடமே இல்லை. கழுத்தை முதலில் விரித்து மறுபடி சுருக்கிப் பொய்த்தோள் ஒன்று உண்டாக்க வேண்டும், அல்லது குண்டை ரைஃப்ளிங்கில் (பேரலுக்குள் இருக்கும் சுருள் வரிகள்) அழுத்தி நிறுத்த வேண்டும். நான் முதல் பேரலில் 200 கேஸ் ஃபயர் ஃபார்ம் (புது சேம்பரில் சுட்டு விரிப்பது) செய்தேன். 2000 சூட்டுக்குள் முடிகிற பேரலில் பத்தில் ஒரு பங்கு கேஸ் செய்யவே போய்விட்டது! இப்போது டேஷர் என்று அடியில் பொறித்த கேஸே விற்கிறார்கள், நான் வாங்கிவிடுகிறேன். மேகசினில் ஓட்டுவதாக இருந்தால் குட்டை கேஸ், செங்குத்துத் தோள் இரண்டும் மக்கர் செய்யும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒற்றைக்கண்:
இந்த இழையில் என் அனுபவத்தைச் சொல்லாவிட்டால் பாவம். வளைந்தகோடு, கவனமாகப் படியுங்கள்.

பல வருடங்களுக்கு முன் .30-06 ஒன்றை ஆக்லி ஆக்கக் கொடுத்தேன். (ஏன் .30-06 என்று கேட்காதீர்கள், பித்தளைப்பித்தன் திட்டுவார்.) அந்த கன்ஸ்மித் பேரலைக் கழற்றவே இல்லை போலிருக்கிறது, இருந்த சேம்பரில் ரீமரை விட்டு ஒரு சுற்றுச் சுற்றிக் கொடுத்துவிட்டார். ஆக்லி சேம்பருக்குப் பேரலைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் பொருத்த வேண்டும், சாதா அளவைவிட ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் நாலு பங்கு குறைவாக. சாதாத் தோட்டாவைப் போட்டு போல்ட்டை (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் பகுதி) மூடும்போது கடைசியில் லேசாக ஒரு இறுக்கம் கைக்குத் தெரிய வேண்டும், அந்த இறுக்கம்தான் கேஸை அடியில் அழுத்திப் பிடிக்கிறது. என் துப்பாக்கியில் போல்ட் வெண்ணெயில் கத்தி போன மாதிரி மூடியது. நானும் "ஆஹா என்ன வேலைப்பாடு" என்று பாராட்டினேன். முட்டாள்தனம்.

ஃபயர் ஃபார்ம் செய்த கேஸ்களில் அடிக்குக் கொஞ்சம் மேலே பளபளவென்று ஒரு வளையம். கம்பி ஒன்றின் நுனியை வளைத்து உள்ளே விட்டுத் தடவினால் அதே இடத்தில் பள்ளம் தட்டியது. நான் பார்த்த பதினைந்தில் பதினொன்று அப்படி. இன்னும் ஒரு சூடு போட்டிருந்தால் கேஸ் இரண்டாகப் பிய்ந்து வாயு பின்பக்கமாக வந்திருக்கும், என் மிச்சக் கண்ணும் போயிருக்கும். (கண் இரண்டும் இருக்கிறது, பெயர் ஸ்கோப்பில் பார்ப்பதால்.)

ஆகவே: பேரலை ரிசீவரோடு (போல்ட் ஓடும் உடல் பகுதி) பொருத்தும்போது எந்தக் கேஜ் வைத்து அளக்கிறார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் பேரலை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

வளைந்தகோடு:
ஐயோ. எனக்குப் புதுப் பேரல் என்பதால் இந்தப் பிரச்சினை வராது அல்லவா?

பித்தளைப்பித்தன்:
புதுப் பேரலில் வாய்ப்புக் குறைவு, ஆனால் .280 ஆக்லியில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. இது பல வருடம் ஆளுக்கொரு அளவில் வெட்டிய சேம்பர். 2000-களின் கடைசிப் பகுதியில் நோஸ்லர் முயன்று சாமி ஒப்புதல் வாங்கியது. (சாமி என்றால் அமெரிக்கத் தயாரிப்பாளர்களின் தர அமைப்பு, கும்பிட வேண்டாம்.) அதற்கு முந்தைய பழைய ரீமர், கேஜுகளின் அளவும் இந்தத் தர அளவும் ஒன்றா இல்லையா என்பது இன்னும் ஓயாத சண்டை. உங்கள் கன்ஸ்மித்திடம் இருப்பது எந்த ரீமர், எந்தக் கேஜ், இரண்டும் ஒரே ஜோடியா என்று கேளுங்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டும் என்பது இந்தத் தோட்டாவுக்காகவே சொன்ன மாதிரி இருக்கிறது.

இன்னொன்று, இதைத் தனியாகவே சொல்கிறேன். சாதா .280-ஐ ஒழுங்காக வெட்டிய ஆக்லி சேம்பரில் சுடலாம். ஆக்லி தோட்டாவைச் சாதா சேம்பரில் போடவே கூடாது, போல்ட் மூடாது, மூட முயலவும் கூடாது. டப்பாவில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

நொடிக்கு3000:
ஆக்லி கேஸில் போல்ட் மீது உதைப்பு குறைவு, அதனால் கொஞ்சம் கூடுதலாகப் போட்டாலும் தாங்கும் என்பார்களே? ஆக்லியே வின்செஸ்டர் 94-ல் போல்ட்டைப் பூட்டும் கட்டையைக் கழற்றிவிட்டு .30-30 இம்ப்ரூவ்டைச் சுட்டுக் காட்டியிருக்கிறார்.

பித்தளைப்பித்தன்:
காட்டினார், உண்மை. நேரான கேஸ் சேம்பர் சுவரைக் கவ்விப் பிடிக்கிறது என்பதற்குச் சாட்சி அது. கூடுதலாகப் பவுடர் போடுங்கள் என்பதற்குச் சாட்சி இல்லை. சேம்பரில் கொஞ்சம் எண்ணெய் இருந்தால் அந்தக் கவ்வல் போயே போச்சு. இன்னும் மோசம் என்னவென்றால், சாதா கேஸில் அழுத்தம் ஏறினால் போல்ட் தூக்கும்போது கை கனக்கும், உடனே தெரிந்துவிடும். நேரான கேஸில் அந்த எச்சரிக்கை தாமதமாக வரும். தெரியும்போது எல்லையைத் தாண்டி எங்கேயோ போயிருப்பீர்கள். பழைய ஆக்லி வேகக் கதைகளில் பாதி அப்படிப் பிறந்தவைதான், குரோனோகிராஃப் (குண்டின் வேகம் அளக்கும் கருவி) எண்ணைச் சொன்னார்கள், அழுத்தத்தை அளந்தவர் யார்?

காற்றுப்பைத்தியம்:
+1. அச்சில் உள்ள அட்டவணையைத் தாண்டாதீர்கள், தம்பி. இந்த இழையிலும் யாரும் பவுடர் அளவு எழுத வேண்டாம், ஒருவர் பேரலுக்குச் சரியானது இன்னொருவருக்கு ஆபத்து.

நெறியாளர்:
அதேதான். அளவு எழுதினால் நீக்கப்படும்.

முந்நூற்றெட்டு:
சும்மா ஒரு கேள்வி: ஓப்பன் என்றால் .284 வின்செஸ்டர் ஏன் யோசிக்கவில்லை? 1963-லேயே 35 டிகிரி தோளோடு வந்தது. இம்ப்ரூவ் செய்ய ஆசை இருந்தால் ஷெஹேன் இருக்கிறது, உடம்பை மட்டும் லேசாக அகலப்படுத்தியது.

வளைந்தகோடு:
யோசித்தேன், ஆனால் 200 கேஸ், டை (சுட்ட கேஸைத் திரும்ப அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) எல்லாம் .280-க்கு இருக்கிறது. அதை விட்டுப் போக மனம் இல்லை. இந்தத் தோட்டாவின் மேல் கொஞ்சம் பாசமும் உண்டு. 1979-ல் அதற்கு 7 மி.மீ. எக்ஸ்பிரஸ் என்று பெயர் மாற்றி, ஜனங்கள் 7 மி.மீ. மேக்னத்தோடு குழப்பிக்கொண்டு, கடைசியில் பழைய பெயருக்கே திரும்பினார்கள். அப்படி அடிபட்ட ஒன்றை நானும் கைவிட வேண்டுமா?

ஒற்றைக்கண்:
பாசத்துக்குப் போடுகிற பேரல்தான் நன்றாகச் சுடும். ஆனால் டை புதுசாக வாங்க வேண்டும், ஆக்லிக்குப் பழைய சைசிங் டை ஆகாது. பழைய டையில் விட்டால் தோளைத் திரும்பச் சரித்துவிடும். பழைய 200-ஐயும் நம்ப வேண்டாம், எத்தனை சூடு பார்த்தவையோ. கம்பி வைத்துத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் விரிக்க வேண்டும்.

டேஷர்தாசன்:
என்னைக் கேட்டால் ஆக்லி என்று பொறித்த கேஸ் 100 வாங்கிவிடுங்கள். ஃபயர் ஃபார்ம் செய்யும் சூடும் பேரலைத் தின்னும். செய்தே தீருவேன் என்றால் பயிற்சி நாளில் 300 கெஜத்தில் செய்யுங்கள், அந்தச் சூடும் வீணாகாது, அவை ஆச்சரியப்படும் அளவுக்கு நன்றாகவே குரூப் ஆகும், அதாவது நெருக்கமாக விழும்.

வளைந்தகோடு: (ஐந்து மாதம் கழித்து)
இழையைத் தோண்டி எடுத்ததற்கு மன்னிக்கவும். ஆக்லியே போட்டேன். ரீமரும் கேஜும் ஒரே ஜோடி, தர அளவு, கேட்டதும் கன்ஸ்மித் எடுத்துக் காட்டினார், என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே. பேரல் அதே 26 அங்குலம். அச்சில் உள்ள உச்சத்துக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தினேன், 2888 வருகிறது. பழசைவிட 38 அடி. பித்தளைப்பித்தன் அண்ணே, உங்கள் கணக்குக்குள்ளேயே விழுந்துவிட்டது.

வேகத்தின் ஆட்டம் பத்துச் சூட்டில் 16 அடி, பழைய பேரலில் 27 இருந்தது. இதில் ஆக்லிக்கு எவ்வளவு, புதுப் பேரலுக்கு எவ்வளவு, புதுக் கேஸுக்கு எவ்வளவு என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நாலு சூடு ஆகியும் கேஸ் டிரிம் செய்யவில்லை. பழைய கேஸில் கம்பி விட்டுப் பார்த்ததில் 31-ஐத் தூக்கிப் போட்டேன், ஒற்றைக்கண்ணுக்கு நன்றி.

முதல் போட்டியில் 1000 கெஜத்தில் மேல்கீழாக எல்லாமே பத்துக்குள். இடது வலதாக மூன்று எட்டும் ஒரு ஏழும். கொடி திரும்பியதை நான் பார்க்கவே இல்லை.

காற்றுப்பைத்தியம்:
அந்த ஏழுக்கு எத்தனை மைல் என்று நினைத்து ஸ்கோப்பைத் திருப்பினீர்கள்?

வளைந்தகோடு:
ஆறு. அது நாலுகூட இல்லை என்று பக்கத்தில் படுத்திருந்தவர் அப்புறம் சொன்னார். அவர் சுட்டது சாதா 6.5-284.